வீடியோ கேம் பிரியர்களுக்குப் பண்டிகைப் பரிசு: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புத்தாடையை எந்தக் கடையில் எடுப்பது, அல்வாவை எந்தக் கடையில் வாங்குவது என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீடியோ கேம் விளையாடும் பிள்ளைக்குத் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ அது தொடர்பான பரிசு ஒன்று வாங்க வேண்டும் என்றால், பெரியவர்கள் பலர் திகைத்துப்போகிறார்கள். பொருளின் பெயர் பிடிபடுவதில்லை. கடையில் ஒரு விலையும் இணையத்தில் வேறொரு விலையும் இருக்கிறது. ஆசையோடு வாங்கிப்போன கேம் பிள்ளையிடம் உள்ள கருவியில் ஓடாமல், பிரித்த உறையோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. சலுகைகளைத் தேடும் முன் மூன்று விவரங்களைக் கேட்டு வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது: பிள்ளையிடம் இருக்கும் கருவி எது, கேம் வாங்கவும் விளையாடவும் அதில் தொடங்கிய இணையக் கணக்கு எந்த நாட்டுக்கு உரியது, வீட்டில் இணைய இணைப்பு எப்படி இருக்கிறது. இவற்றுக்குப் பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதி விலைக்குக் கிடைத்தாலும் பயன்படாத பொருளுக்குக் கொடுத்த பணம் முழுவதும் நட்டமே.

கருவியை அறிந்துகொள்ளுதல்

'பிளேஸ்டேஷன் வைத்திருக்கிறான்' என்ற தகவல் மட்டும் போதாது. அது பிஎஸ்4 தானா, பிஎஸ்5 தானா என்பதையும், டிஸ்க் போடும் வாய் அதில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிஎஸ்5 கருவியில் டிஸ்க் பதிப்பு, டிஜிட்டல் பதிப்பு என்று இரு வகைகள் உண்டு. டிஜிட்டல் பதிப்பில் டிஸ்க் ஓடாது. பின்னர் வந்த மெலிந்த வடிவத்து டிஜிட்டல் பதிப்பில் டிஸ்க் படிக்கும் உறுப்பைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். முதலில் வந்த பதிப்பில் அதற்கு வழியில்லை. பிஎஸ்4 டிஸ்க், டிஸ்க் வாயுள்ள பிஎஸ்5 கருவியில் ஓடும். பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4 கருவியில் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் என்ற மற்றொரு கருவி வகையில் சீரிஸ் எஸ் என்பது டிஸ்க் வாய் இல்லாத கருவி. டிஸ்க் ஓட வேண்டுமானால் டிஸ்க் வாய் உள்ள சீரிஸ் எக்ஸ் வேண்டும்.

பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி வியப்பில் ஆழ்த்த விரும்பினால், அவன் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போயிருக்கும் நேரத்தில் கருவியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும், ஏற்கெனவே வைத்திருக்கும் கேம் பெட்டிகளின் முதுகையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களைக் கடைக்காரரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரே கேமை இரண்டாவது முறை வாங்கும் தவறும் நேராது.

கணினியில் விளையாடும் பிள்ளைகளின் நிலை வேறு. ஒவ்வொரு கேமும் தனக்கு வேண்டிய ராம், கிராபிக்ஸ் கார்டு, சேமிப்பிடம் ஆகியவற்றை விற்பனைப் பக்கத்தின் அடியில் 'குறைந்தபட்சத் தேவை' என்று குறிப்பிட்டிருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் பெரிய கேம்கள் திணறும். அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவை போன்ற எளிய கருவிகளுக்கு 'ஸ்டார்டியூ வேலி' போன்ற சிறிய, இருபரிமாணக் கேம்களே பொருத்தமானவை. அந்தக் கேமைத் தனியொருவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி 2016இல் வெளியிட்டார். பாழடைந்த தோட்டம் ஒன்றைச் சீர்செய்து, விதைத்து, நீர் ஊற்றி, பருவம் பார்த்து அறுவடை செய்வதுதான் அதன் போக்கு. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்ற நெல் பருவங்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற கருவி பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பனை செய்வதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதியாளர்கள் கொண்டுவந்து விற்பவை. பழுதானால் நிறுவனத்தின் உத்தரவாதம் இங்கே செல்லாது, விற்ற கடைக்காரர் சொல்லும் வாக்குதான் உத்தரவாதம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவியில், ஜப்பானில் குறைந்த விலைக்கு விற்கப்படும் பதிப்பு ஒன்று உண்டு. அது ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே ஏற்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று யாராவது அங்கிருந்து வாங்கி வந்தால், இங்குள்ள பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

விலை எப்போது இறங்கும்

கேம் பிரியர்களுக்கான விலைக்குறைப்பு இரண்டு நாட்காட்டிகளின்படி நடக்கிறது. கருவி, கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர், ஹெட்செட் போன்ற கைப்பொருள்கள் நம் நாட்டுப் பண்டிகைகளை ஒட்டி மலிகின்றன. அமேசானின் 'கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல்', ஃபிளிப்கார்ட்டின் 'பிக் பில்லியன் டேஸ்' இரண்டும் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பாக, செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்குகின்றன; ஜனவரியில் குடியரசு நாளை ஒட்டி மற்றொரு சுற்று வருகிறது. சோனி நிறுவனம் கடந்த ஆண்டுகளில் பிஎஸ்5 விலையை 5,000 ரூபாய், 7,500 ரூபாய் என்று சில வாரங்களுக்குக் குறைத்து அறிவித்ததுண்டு. அந்த அறிவிப்பு வரும்போது இணையத்திலும் பெரிய கடைகளிலும் ஒரே விலைதான் இருக்கும் என்பதால், வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கிடைக்கும் கடையில் கண்ணால் பார்த்து, ரசீதோடு வாங்குவதே நல்லது.

பதிவிறக்கம் செய்யும் கேம்கள் மேலைநாட்டு நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. கணினி கேம்களுக்கான ஸ்டீம் கடையில் ஜூன் இறுதியில் கோடைத் தள்ளுபடியும், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை குளிர்காலத் தள்ளுபடியும் நடக்கின்றன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகளில் நவம்பர் கடைசி வாரத்து 'பிளாக் ஃபிரைடே' தள்ளுபடியும், அதன்பின் கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தள்ளுபடியும் வருகின்றன. எபிக் கேம்ஸ் கடை வாரந்தோறும் வியாழக்கிழமை ஏதேனும் ஒரு கணினி கேமை இலவசமாகத் தருகிறது. டிசம்பர் பிற்பகுதியில் அதை நாளுக்கு ஒன்றாக்குவது அதன் வழக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை என்பதால், செலவே இல்லாமல் ஒரு சிறு நூலகத்தை அவர்களுக்குச் சேர்த்துத் தர முடியும். இலவசமாக வாங்கிய கேம் பிறகும் கணக்கிலேயே இருக்கும்.

ஸ்டீம் தள்ளுபடியைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. சில மணி நேரத்துக்கு மட்டும் விலை இறங்கும் மின்னல் சலுகைகளை அந்தக் கடை 2015 இறுதியில் கைவிட்டுவிட்டது. தள்ளுபடி தொடங்கிய நாளில் அறிவித்த விலைதான் அநேகமாகக் கடைசி நாள் வரை நீடிக்கும். ஆகவே நள்ளிரவில் கண்விழித்து வாங்கவும் வேண்டாம், இன்னும் இறங்கும் என்று கடைசி நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளையிடம் பேசி, வேண்டியதைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது.

எந்த வகைக் கேம் எவ்வளவு வேகமாக விலை இறங்கும் என்பதிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் புதிதாக வரும் கால்பந்து கேம், நவம்பர் இறுதிக்குள்ளாகவே பெரும் தள்ளுபடிக்கு வந்துவிடும். வெளியான வாரத்தில் முழு விலை கொடுப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சோனியின் சொந்தக் கேம்கள் ஓராண்டு அளவில் நன்றாக இறங்குகின்றன. நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் பல ஆண்டுகள் ஆனாலும் அதிகம் இறங்குவதில்லை என்பதால், அவற்றுக்காகக் காத்திருப்பது வீண்.

சலுகை உண்மைதானா

விற்பனைப் பக்கத்தில் '70 சதவீதம் தள்ளுபடி' என்று சிவப்பு எழுத்தில் இருப்பது, அச்சிட்ட உச்ச விலையோடு ஒப்பிட்ட கணக்கு. அந்த உச்ச விலைக்கு அந்தப் பொருள் ஒருநாளும் விற்காமலே இருந்திருக்கலாம். நாம் அறிய வேண்டியது, கடந்த சில மாதங்களில் அந்தப் பொருள் என்ன விலைக்கு விற்றது என்பதுதான். அமேசானில் விற்கும் பொருளுக்குக் கீப்பா என்ற தளமும், ஸ்டீம் கேமுக்கு ஸ்டீம்டிபி என்ற தளமும் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டுகின்றன. வரைபடத்தில் கோடு பல மாதம் 2,400 ரூபாயில் நேராக ஓடி, விற்பனைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக 3,500க்கு ஏறி, திருவிழா நாளன்று மீண்டும் 2,400க்கு இறங்கியிருந்தால், அங்கே சலுகை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். குறிப்பிட்ட கேம் முன்பு எவ்வளவு குறைந்த விலைக்குப் போயிருக்கிறது என்பதையும் அதே இடத்தில் காணலாம். இப்போதைய விலை அதற்கு அருகில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

வங்கி அட்டைச் சலுகையை முழு வாசகத்தோடு படிக்க வேண்டும். '10 சதவீதம் உடனடித் தள்ளுபடி, உச்சவரம்பு 1,500 ரூபாய்' என்றிருந்தால், 50,000 ரூபாய்க் கருவிக்கு 5,000 ரூபாய் குறையாது. 1,500 மட்டுமே குறையும், அதாவது 3 சதவீதம். அதே அட்டையில் 15,000 ரூபாய்ப் பொருள் வாங்கினால்தான் முழு 10 சதவீதமும் கிடைக்கும். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்வதிலும், வட்டித் தொகையின் மீதான ஜிஎஸ்டியும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழலாம். தவணை வேண்டாம் என்றால் மொத்தமாகச் செலுத்துவதற்கு வேறு கழிவு உண்டா என்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

விலையைக் குறித்துக்கொள்ளும் முன் உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பதிந்துவிடுங்கள். பாளையங்கோட்டை 627002க்கு ஒரு விற்பனையாளரும் விலையும் காட்டுகிற பக்கம், களக்காட்டுக்கோ பாபநாசத்துக்கோ வேறொரு விற்பனையாளரையும் கூடுதல் நாட்களையும் காட்டக்கூடும். ஊரில் அனுப்பும் வசதி இல்லை என்றால், சந்திப்புப் பகுதியிலோ பாளையிலோ இருக்கும் உறவினர் வீட்டு முகவரிக்கு வரவழைத்து எடுத்துக்கொள்வது நடைமுறையில் எளிது.

நாட்களைக் கணக்கிடும்போது நம் மழைக்காலத்தையும் மறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீள்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் ரயில்களும் சாலைகளும் நின்றுபோனதை நாம் அனைவரும் கண்டோம். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டிய பொருளை டிசம்பர் முதல் வாரத்துக்குள் வரவழைத்துவிடுவது பாதுகாப்பு.

கணக்கு எந்த நாட்டுக்கு உரியது

நெல்லைச் சீமையில் வளைகுடா நாடுகளில் வேலைபார்க்கும் உறவினர் இல்லாத தெருவே இல்லை எனலாம். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் துபாயிலிருந்து வந்த பிளேஸ்டேஷன்கள் இருப்பதில் வியப்பில்லை. அங்குள்ள மின்னழுத்தம் நம்முடையதை ஒத்தது என்பதால் கருவி ஓடுவதில் சிக்கல் வராது. செருகியின் வடிவம் மட்டும் மாறலாம். ஆனால் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. விலையில் கிடைக்கும் இலாபம் ஒரு பழுதுச் செலவுக்கு ஈடாகுமா என்று கணக்கிட்டுப் பார்த்து, பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கருவியை இங்கேயே வாங்கச் சொல்வேன்.

கேம் டிஸ்க்குகளை அங்கிருந்து கொண்டுவரலாம். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கேமுக்குப் பின்னாளில் விற்கப்படும் கூடுதல் அத்தியாயங்களும் பாத்திரங்களுக்கான உடைகளும் அந்த டிஸ்க் எந்தப் பிரதேசத்துக்கு உரியதோ அந்தப் பிரதேசக் கடையில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பிள்ளையின் கணக்கு இந்தியக் கணக்காக இருந்து, டிஸ்க் வேறு பிரதேசத்துடையதாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதி அந்த டிஸ்க்கோடு சேராமல் போகலாம். டிஸ்க்கை மட்டும் விளையாடினால் போதும் என்னும் கேம்களைத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

பரிசு அட்டைகளுக்கும் இதே விதி. பிளேஸ்டேஷன் கடையில் ஒரு கேமை வாங்கி நேரடியாக இன்னொருவருக்கு அனுப்பும் வசதி இல்லை. பணமதிப்புள்ள குறியீட்டு எண்ணைத்தான் பரிசாகக் கொடுக்க முடியும். ரூபாயில் வாங்கிய எண் இந்தியக் கணக்கில் மட்டும் ஏறும். ரியாத்திலிருக்கும் மாமா ரியாலில் வாங்கி அனுப்பிய எண் இந்தியக் கணக்கில் ஏறாது. கணக்கின் நாட்டைப் பின்னால் மாற்றவும் முடியாது. வெளியூர் உறவினர் பரிசளிக்க விரும்பினால், பணத்தை இங்கே அனுப்பச் சொல்லி உள்ளூரிலேயே எண்ணை வாங்குவதுதான் சிக்கலற்ற வழி.

ஸ்டீமில் பரிசு அனுப்புவது எளிது, ஆனால் முன்னேற்பாடு வேண்டும். நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே கேமைப் பரிசாக அனுப்ப முடியும். பணமதிப்புப் பரிசு என்றால் மூன்று நாட்களுக்கு முன்பே நண்பராகியிருக்க வேண்டும். சித்தப்பா புதிதாகக் கணக்குத் தொடங்கினால், அவர் 5 டாலர் மதிப்புக்கு ஏதாவது வாங்கும்வரை அவரால் நட்பு அழைப்பை அனுப்ப முடியாது; பிள்ளை அனுப்பும் அழைப்பை ஏற்க மட்டுமே முடியும். இந்தச் சிறு விவரம் தெரியாததால் பண்டிகை நாளன்று காலையில் தவிப்பவர்கள் உண்டு. ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட்டால், பரிசு போய்ச்சேர வேண்டிய நாளைக் குறித்து வைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பெறுபவர் வேண்டாம் என்று மறுத்தால் பணம் கொடுத்தவருக்கே திரும்பிவிடும். பிள்ளை தனக்கென்று வாங்கிய கேம் பிடிக்காமல்போனாலும், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

எதை வாங்குவது என்று தெரியாத பெரியவர்களுக்கு ஸ்டீமின் 'விருப்பப் பட்டியல்' பெரிய உதவி. பிள்ளை தனக்கு வேண்டிய கேம்களை அதில் சேர்த்து வைத்திருப்பான். நண்பர் பட்டியலில் இருப்பவர் அதைப் பார்த்து, தள்ளுபடியில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கேமைக் கணக்கில் சேர்க்க உதவும் சாவி எண்களை மட்டும் மலிந்த விலைக்கு விற்கும் இடைத்தரகுத் தளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிவதில்லை. பின்னால் அவை செல்லாததாக்கப்பட்டால் கேம் கணக்கிலிருந்து போய்விடும்.

இணையம் இல்லாத வீட்டுக்கு

பெரிய கேம் ஒன்று 100 ஜிபி அளவு இருப்பது இப்போது இயல்பு. நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பில் அதைப் பதிவிறக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபியோ 2 ஜிபியோ தரும் கைப்பேசித் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், அதே கேம் முடிவதற்கு இரண்டு மாதம் ஆகிவிடும். ஆகவே அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் தம்பிக்கு டிஜிட்டல் கேம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரிசாகாது. டிஸ்க் வாங்குங்கள்; அதிலும் இணையம் இல்லாமலே தொடங்கி முடிக்கக்கூடிய, தனியொருவர் விளையாடும் கேமாகப் பாருங்கள். ஸ்விட்ச் 2 கேம்களில் சில, பெட்டிக்குள் சாவி மட்டும் உள்ள அட்டையாக வருகின்றன. கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும் என்ற குறிப்பு பெட்டியின் முன்புற அடிப்பகுதியில் அச்சாகியிருக்கும். வாங்கும் முன் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்குக்கு இன்னொரு நன்மை உண்டு. விளையாடி முடித்ததை நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், மைத்துனன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

என்ன வாங்கலாம்

பிஎஸ்5 வந்தபோது சோனியின் புதிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். அந்த அளவு செலவிட முடிந்தவர்கள் கேமையே வாங்கலாம். அதற்குக் குறைவான தொகையில் பிள்ளை நாள்தோறும் கையால் தொடும் துணைப்பொருள்கள் கிடைக்கின்றன. நீண்ட நாள் பயன்பட்ட கன்ட்ரோலரில் விரலை எடுத்த பிறகும் கேமில் வரும் ஆள் தானாக நகர்ந்துகொண்டிருந்தால், கன்ட்ரோலரில் விரலால் அசைக்கும் குச்சி தேய்ந்துவிட்டது என்று பொருள். புதிய கன்ட்ரோலரைவிட நல்ல பரிசு அந்த வீட்டுக்கு இல்லை. கணினிக்கு வாங்குவதானால், உராய்வில்லாமல் காந்தத்தால் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' குச்சி கொண்டதைக் கேளுங்கள். ஹெட்செட் வாங்கும்போது மூன்றரை மில்லிமீட்டர் செருகியுள்ளதை வாங்கினால், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரிலும், அதற்கான துளையுள்ள கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பயன்படும்.

கருவியில் இடம் போதவில்லை என்று பிள்ளை அடிக்கடி சொன்னால் சேமிப்பகம் வாங்கலாம், ஆனால் வகை சரியாக இருக்க வேண்டும். பிஎஸ்5 கருவிக்குள் பொருத்துவது நான்காம் தலைமுறை எம்.2 எஸ்எஸ்டி, நொடிக்கு 5,500 எம்பி வேகத்தில் படிக்கக்கூடியதும், வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடு உள்ளதுமாக இருக்க வேண்டும். பழைய ஸ்விட்ச் கருவிக்குச் சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டை போதும். ஸ்விட்ச் 2 கேம்களுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும்.

நம் ஊருக்கென்றே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பரிசு, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் கருவியை ஓடவைக்கும் யுபிஎஸ். இடி மழைக் காலத்தில் மின்சாரம் திடீரென்று நின்று, கேம் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் கருவி அணைந்தால், பல வாரம் விளையாடிய பதிவு கெட்டுப்போகலாம். பிஎஸ்5 விளையாடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். தொலைக்காட்சியையும் சேர்த்து, தாங்கக்கூடிய திறனுள்ள யுபிஎஸ் ஒன்றைக் கணினிக் கடையில் கேட்டு வாங்கினால், முறையாக அணைப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். சித்திரை வெயிலில் கருவி சூடேறாமல் இருக்க, மூடிய அலமாரியில் வைக்காமல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க ஒரு திறந்த தாங்கி செய்துகொடுத்தாலும் அது நல்ல பரிசே. உள்ளூர்த் தச்சர் அதைச் செய்துவிடுவார்.

கேம்களில் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது 'வெண்பா'. கனடாவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இந்தக் கேம், 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. அதில் மிஞ்சிய வரிகளைக் கொண்டு இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். அது 2024இல், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு புதிய படைப்பாளர்களின் முதல் கேமுக்குத் தரும் விருதைப் பெற்றது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய கேம் என்பது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத அம்மாவும் ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து, 'தட்டுல துணிய விரிக்காம மாவ ஊத்துதியே' என்று திருத்தும் ஒரே கேம் இதுவாகத்தான் இருக்கும். புனேயில் உருவான 'ராஜி' 2020இல் வந்தது. தம்பியை மீட்கப் புறப்பட்ட சிறுமியின் கதையைப் பழைய இந்தியக் கோட்டைகளின் பின்னணியில் சொல்கிறது.

அண்ணன் சென்னையிலும் தங்கை நெல்லையிலும் இருந்தால், இருவர் சேர்ந்தே விளையாட வேண்டிய 'இட் டேக்ஸ் டூ' அல்லது 2025இல் வந்த 'ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன்' பொருத்தமானவை. ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர் 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்' என்ற இலவசப் பதிப்பை இறக்கிக்கொண்டு சேர்ந்துவிடலாம். ஒரு விலையில் இரண்டு பரிசு.

புதிய கருவியே வாங்க எண்ணும் வீட்டில், பெரியப்பா, மாமா, அத்தை என்று ஆளுக்கொரு சிறு பொருள் வாங்குவதைவிட, தீபாவளிக்குக் கொடுக்கும் காசை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது பல குடும்பங்களில் நன்றாகப் பலித்திருக்கிறது. யார் எவ்வளவு என்பதை முன்பே பேசிவிட்டால் மனவருத்தம் இல்லை.

வயதும் பணமும்

ஒவ்வொரு கேம் பெட்டியின் முன்பக்கத்து மூலையிலும் வயதுக் குறியீடு இருக்கும். 3, 7, 12, 16, 18 என்று எண்ணாக இருந்தால் அது ஐரோப்பிய முறை. அந்த வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல. பத்து வயதுப் பிள்ளை 18 எண் உள்ள கேமைக் கேட்டு அடம்பிடித்தால், கூட விளையாடும் பெரிய பையன்கள் வைத்திருக்கிறார்கள் என்பது வாங்கித்தரக் காரணமாகாது.

'துட்டு வச்சு ஆடுத ஆட்டமாலே இது?' என்று தாத்தாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. பணம் கட்டி, பணம் வெல்லும் நம்பிக்கையில் ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் சட்டம் தடைசெய்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் கேம்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் கைப்பேசி கேம்களில் உடை, ஆயுதம் என்று உள்ளே செலவிடும் வசதி உண்டு. கைப்பேசியில் விளையாடும் பிள்ளைக்குப் பரிசு தருவதானால், குறிப்பிட்ட தொகைக்குக் கூகுள் பிளே எண் ஒன்றை வாங்கித் தந்து, அட்டை விவரத்தையும் யுபிஐயையும் அந்தக் கைப்பேசியில் பதியாமல் விடுங்கள். தொகை தீர்ந்ததும் செலவும் நின்றுவிடும்.

பழைய கருவி வாங்கினால்

சென்னை, மதுரையிலிருந்து பழைய கருவிகள் இங்கே நிறைய வருகின்றன. நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவர் வீட்டிலேயே தொலைக்காட்சியில் இணைத்து, அரைமணி நேரம் பெரிய கேம் ஒன்றை ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். டிஸ்க்கைப் போட்டு எடுங்கள். இணையத்தில் இணைத்து உங்கள் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள், நிறுவனம் தடைசெய்த கருவியானால் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் தன் கணக்கை முழுவதும் நீக்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். 'கணக்கோடு சேர்த்து ஐம்பது கேம் தருகிறேன்' என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அந்தக் கணக்கை அவர் எந்த நாளும் மீட்டுக்கொள்ள முடியும்.

இணையத்தில் வாங்கிய பெட்டியைப் பிரிக்கும்போது, ஒட்டுநாடா கிழியாத நிலையிலிருந்து கருவி வெளியே வரும்வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். வேறு பொருளோ உடைந்த பொருளோ வந்து, விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். போலித் தளத்தில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதை உத்தரவாதக் காலம் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பண்டிகைக்கு முந்தைய நாள் இரவே கருவியை எடுத்து இணைத்து, மென்பொருள் புதுப்பிப்பை முடித்து, கேமையும் பதிந்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். புதுக் கருவி முதலில் கேட்பது புதுப்பிப்பைத்தான். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வரும் பிள்ளை அதற்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.